மறு: க்ரூசர் பைக்குக்குத் தமிழ்ச் சொல் – 'நெடும்பயண உந்துருளி' பொருந்துமா?

வணக்கம்.

> க்ரூசர் என்றால் தூரப் பயணத்துக்கான பைக்தானே அண்ணா? 'நெடும்பயண உந்துருளி' என்று வைத்துவிடலாம்.

தம்பி, சொல் அழகுதான். ஆனால் அது வேறு வண்டிக்குரியது. ஹொண்டா கோல்ட் விங்கைப் பாருங்கள்: 1,833 சிசி, படுக்கைவாட்டில் ஆறு சிலிண்டர், காற்றை மறிக்கும் கண்ணாடி, பின்னால் பெட்டிகள். நாள் முழுக்க ஓட்டவென்றே செய்த வண்டி. ஹார்லி டேவிட்சனும் டூரிங் என்று தனி வரிசை வைத்திருக்கிறது. நெடும்பயணத்தை அவற்றுக்கு விட்டுவிடுவோம்.

க்ரூசரை அடையாளம் காட்டுவது உட்காரும் முறை. சீட் தாழ்வு (கவாசாகி வல்கன் எஸ் 705 மி.மீ., றோயல் என்பீல்ட் சூப்பர் மீட்டியோர் 740 மி.மீ.), கால்மிதி முன்னால், ஹாண்டில் நம் பக்கம் வளைந்து வரும். முதல் ஒரு மணி நேரம் சாய்மனைக் கதிரையில் இருப்பது மாதிரிச் சுகம். அப்புறம் கதை மாறும். கால் முன்னால் நீட்டியிருப்பதால் உடம்புப் பாரம் முள்ளந்தண்டின் அடியில் இறங்குகிறது. பள்ளம் வந்தால் மிதியில் எழும்பி நிற்கவும் வசதிப்படாது. சீட் தாழ்ந்தால் பின் சஸ்பென்ஷன் அசையும் இடமும் குறையும். சூப்பர் மீட்டியோரில் அது 101 மி.மீ. மட்டும். கொழும்பிலிருந்து புத்தளம் வழியாக யாழ்ப்பாணம் போய்ச் சேர்கிறவரின் இடுப்பைக் கேட்டால் 'நெடும்பயணம்' பொருந்துமா என்று சொல்லும்.

> அப்படியென்றால் வலுவை வைத்துப் பெயரிடலாமே?

அதுவும் சரிவராது. வல்கன், சூப்பர் மீட்டியோர் இரண்டும் ஏறக்குறைய 650 சிசி, இரட்டைச் சிலிண்டர். வல்கன் 61 பரிவலு, என்பீல்ட் 47. தாளில் வல்கன் வெல்லும். ஆனால் அதன் எஞ்சின் நிஞ்சா 650 என்ற வேக பைக்கின் குடும்பத்தில் வந்தது; உச்ச முறுக்குவிசைக்கு (டோர்க், சக்கரத்தைச் சுழற்றும் விசை) நிமிடத்துக்கு 6,600 சுற்று வரை போகவேண்டும். என்பீல்ட் 2,500 சுற்றிலேயே தன் முறுக்குவிசையில் 80 சதவீதம் கிடைக்கும் என்கிறது. ஹார்லியின் 1,868 சிசி எஞ்சின் 3,000 சுற்றளவிலேயே உச்சத்தைத் தொடும். இங்கே இலங்கையில் அதிவேக நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளை விடவே மாட்டார்கள். கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் மூன்றாம் கியரில் ஊர்ந்து, இடைவெளி கிடைத்ததும் கியர் மாற்றாமல் இழுக்கவேண்டும். அந்த இடத்தில் பரிவலுக் கணக்கை யார் பார்க்கிறார்?

(சென்னை நண்பர்களுக்கு: எங்கள் வலு உங்கள் திறன், எங்கள் பரிவலு உங்கள் குதிரைத்திறன். அந்தச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.)

என் பரிந்துரை 'உலா உந்துருளி'. சுருக்கமாக 'உலாவுருளி'. உலா அவசரமில்லாத போக்கு. ஊர் பார்க்க வீதியில் வரும் பவனியும் அதுதான். க்ரூசர் வாங்குகிறவர் பாதி அதற்குத்தானே வாங்குகிறார்! சொல்லில் தூரமும் இல்லை, எஞ்சின் அளவும் இல்லை. அதனால் 349 சிசி மீட்டியோரும் பெரிய ஹார்லியும் ஒரே பெயருக்குள் அடங்கும். 'உல்லாச உந்துருளி' விளம்பரப் பலகைக்குச் சரி, அகராதிக்கு வேண்டாம்.

முன்தள்ளிய கால்மிதிக்கு 'முன்மிதி' போதும் என்று நினைக்கிறேன். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் ஃபுட் ரெஸ்ட் என்றுதான் கேட்போம், எழுத்தில் இது ஓடும். டோர்க்குக்கு மேலே முறுக்குவிசை என்றே எழுதியிருக்கிறேன். திருப்புவிசைதான் வேண்டும் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.