ரிப்போர்ட் சுத்தம், ஆனால் எலிகள் சாகின்றன: அனிமல் ஹவுஸ் அனுபவங்கள்

ஆய்வக விலங்குகளை வளர்க்கும் எங்கள் அனிமல் ஹவுஸில் சுண்டெலிகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிருமிச் சோதனை உண்டு. ஐரோப்பிய ஆய்வக விலங்கு அறிவியல் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபெலாசாவின் 2014 பரிந்துரையும் அதே இடைவெளியைத்தான் சொல்கிறது. எல்லாக் கூண்டிலிருந்தும் அழுக்கு உமியைக் கொஞ்சம் அள்ளி, தொற்றைக் கண்டுபிடிப்பதற்கென்றே தனியாக வைத்திருக்கும் சென்டினல் எலிகளின் கூண்டில் போடுவோம். அவற்றுக்கு எதுவும் தொற்றவில்லை என்றால் அறையே சுத்தம் என்று கணக்கு.

அப்படி ஒரு சுத்தமான ரிப்போர்ட் வந்திருந்த சமயத்தில்தான் சி57 பிளாக்6 ரக எலிகளுக்குக் கழுத்து வீங்கியது, பின்னங்கால் மூட்டு பருத்தது, சில செத்தும் போயின. அதே ரேக்கில் இருந்த பால்ப்-சி ரக எலிகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. இந்த வித்தியாசத்தைப் பார்த்ததுமே எங்கள் கால்நடை மருத்துவருக்கு ஸ்ட்ரெப்டோபாசிலஸ் மோனிலிஃபார்மிஸ் மேல் சந்தேகம் வந்துவிட்டது. மனிதர்களுக்கு எலிக்கடிக் காய்ச்சல் தருகிற கிருமி அது. ராட் எனும் பெரிய எலியின் தொண்டையில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் குடியிருக்கும். எங்கள் ராட் அறையோ அடுத்த கதவு! மூக்கு, தொண்டையில் வாழும் கிருமிகள் பல, உமி வழியாகச் சென்டினலுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்வதில்லை. நேரடியாகத் தொண்டை ஸ்வாப் எடுத்துப் பிசிஆருக்கு அனுப்பியதும் பாசிட்டிவ் வந்தது. அப்புறம் காலனியைக் கலைத்தது, கருமாற்றம் செய்து ரகத்தை மீட்டது எல்லாம் தனிக்கதை.

—

நான் மருத்துவமனை லேபில் இருக்கிறேன். காய்ச்சல், மூட்டுவலி, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு என்று ஒருவர் வந்தார். டெங்கு, டைஃபாய்டு, சிக்குன்குனியா எல்லாம் பார்த்தாகிவிட்டது. எலிகளோடு வேலை என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. எலிக்கடிக் காய்ச்சல் கிருமி லேபில் வளர ரத்தமோ சீரமோ வேண்டும். போதாக்குறைக்கு, ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் பாட்டிலில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் எஸ்பிஎஸ் அதை வளரவே விடாது. முன்கூட்டியே சொன்னால்தான் நாங்கள் வேறு பாட்டிலில் போட முடியும். பென்சிலினுக்கு நன்றாகக் கேட்கும். சிகிச்சை இல்லாமல் விட்டால் பத்தில் ஒருவர்வரை இறக்கலாம். கடிபட்டவர்கள் டாக்டரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள், சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள்.

—

எலிக்காய்ச்சல் தரும் லெப்டோஸ்பைரா கிருமியையும் சோதனைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். சுண்டெலி ஆரோக்கியமாகத்தான் திரியும், கிருமி சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும். எங்கள் அனிமல் ஹவுஸில் சிறுநீரகத் திசுவில் பிசிஆர் பார்க்கிறோம். ஈர உமியை மாற்றுவது பெரும்பாலும் ஒப்பந்தப் பணியாளர்கள். எங்கள் இடத்தில் கையுறைக்கே சண்டை போட வேண்டியிருக்கிறது. சரி, ரேக்கிலிருந்து காற்று வெளியேறும் வடிகட்டியில் படியும் தூசியில் பிசிஆர் பார்ப்பவர்கள் இங்கே இருக்கிறீர்களா? சென்டினலை அடியோடு நிறுத்திவிட்டீர்களா, இரண்டும் ஓடுகிறதா?