படக்கதை படிக்கிற பிள்ளை புத்தகத்துக்கு வருமா?

சுன்னாகத்து அப்பா:
மகன் தரம் 6. பாடப்புத்தகம் தவிர வேறு எதையும் தொடமாட்டான். கொழும்பிலிருந்து வந்த மாமா சில லயன், முத்து காமிக்ஸ்களைக் கொடுத்தார். இப்போது லக்கி லூக் என்கிற கௌபோய் கதையைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டுக்கும் எழும்புகிறான் இல்லை. வாசிக்கிறான் என்று சந்தோசப்படுவதா, படம்தான் பார்க்கிறான் என்று கவலைப்படுவதா?

கொக்குவில் ரீச்சர்:
கவலைப்படத்தான் வேண்டும். வகுப்பில் நான் பார்ப்பது இதுதான்: சண்டைக் காட்சி வந்தால் வசனத்தை விட்டுவிட்டுப் பக்கத்தைத் தட்டுவார்கள். 'டுமீல்' மட்டும் மிஞ்சும். அதே பிள்ளையிடம் ஒரு பந்தி வர்ணனையைக் கொடுங்கள், மூன்றாம் வரியில் கண் யன்னலுக்குப் போய்விடும்.

நல்லூர் வாசகன்:
ரீச்சர், இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே இரும்புக்கை மாயாவியோடுதான். ஒரு படக்கட்டத்தில் மாயாவி மின்சாரத்தைத் தொடுகிறார். அடுத்த கட்டத்தில் ஆளைக் காணவில்லை, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. நடுவில் நடந்ததை யார் நிரப்புவது? வாசிக்கிற பிள்ளைதான். அதற்கு மூளை வேலை செய்ய வேண்டாமா? எங்கள் வீட்டில் பெரியண்ணை மாயாவியில் தொடங்கி, சிரித்திரன் நகைச்சுவை இதழில் சவாரித்தம்பர் கேலிச்சித்திரங்களைத் தேடிப் பிடித்து, அப்படியே நாவல்களுக்குப் போனவர்.

கொக்குவில் ரீச்சர்:
உங்கள் அண்ணை போயிருப்பார், தம்பி. போகாமல் அங்கேயே நின்றுவிட்டவர்களை யார் கணக்கெடுத்தது? இன்னொன்றும் சொல்ல வேண்டும். டெக்ஸ் வில்லர் என்கிற கௌபோய் கதையில் சுடப்பட்டு விழுகிறவனை அடுத்த பக்கத்தில் யாரும் நினைப்பதில்லை. போர் நடந்த இந்த மண்ணில், சுடுவதை விறுவிறுப்பாகக் காட்டுவதைப் பிள்ளையின் கையில் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

பருத்தித்துறை அக்கா:
துப்பாக்கி விஷயத்தில் ரீச்சர் சொல்வது சரி. அதற்காக எல்லாவற்றையும் பூட்டி வைக்க முடியாது, தேர்ந்து கொடுக்கலாம். லக்கி லூக்கும் ஒரு காலத்தில் எப்போதும் சிகரெட்டோடு திரிந்தவர்தான். 1983இல் அவரை வரைந்த மொரிஸ் அதை எடுத்துவிட்டு வாயில் ஒரு புல்லை வைத்தார். அதற்காக 1988இல் உலக சுகாதார நிறுவனம் அவரைக் கௌரவித்தது. பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று யோசித்து வரைகிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்பாவுக்கு ஒன்று: நீங்கள் பக்கத்தில் இருந்து வில்லனுடைய வசனத்தை வாசியுங்கள், மகன் நாயகனுடையதை வாசிக்கட்டும். இப்படி வாசித்தால் வசனத்தைத் தாண்டி ஓட முடியாது. கதை சூடு பிடிக்கிற இடத்தில் படத்தைக் கையால் மூடிவிட்டு, "அடுத்து என்ன நடக்கும், சொல்லு" என்று கேளுங்கள். ரீச்சர் கேட்கிற வர்ணனை அவன் வாயிலிருந்தே வரும்.

கொக்குவில் ரீச்சர்:
அப்படிப் பெரியவர் ஒருவர் கூட இருந்தால் எனக்கு மறுப்பில்லை. புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, பிள்ளை சத்தமில்லாமல் இருக்கிறதென்று நாங்கள் போனைப் பார்ப்பதைத்தான் சொல்கிறேன். ஆனால் பரீட்சைத் தாளில் படம் வராது, அதையும் மறக்க வேண்டாம்.

நல்லூர் வாசகன்:
பரீட்சைக்கு ரியூசன் இருக்கிறது, ரீச்சர். கதையையும் அதோடு கட்டினபடியால்தானே பிள்ளைகள் புத்தகத்தைக் கண்டு ஓடுகிறார்கள்.

சுன்னாகத்து அப்பா:
சரி, இன்று இரவு வில்லன் நான்தான். டெக்ஸ் புத்தகங்களை மட்டும் முதலில் நான் வாசித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறேன்.