உடம்பு உணரும் வெப்பத்துக்கு ஒரு சொல் வேண்டும்

உப்புவெளி, புவியியல் ஆசிரியை:

எல்லோருக்கும் வணக்கம். தரம் 9 பிள்ளைகளுக்காக வானிலையும் காலநிலையும் பற்றி ஒரு பயிற்சிக் கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன்.

போன கிழமை வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "ரீச்சர், அப்பாவின்ர போனில 32 பாகை என்று பெரிசாப் போட்டுக் கீழ சின்னதா 41 என்றும் போட்டிருக்கு. எது சரி?" இரண்டும் சரி என்றேன். மேலே இருப்பது காற்றின் வெப்பநிலை. காற்றில் சாரீரப்பதன் 70 சதவீதமாக இருந்தால் வியர்வை லேசில் காயாது, உடம்பு சூட்டை வெளியே விட முடியாமல் தவிக்கும், அப்போது 32 பாகையே 41 போல இருக்கும் என்று விளக்கினேன். அதே 32 பாகையில் சாரீரப்பதன் 40 சதவீதம் என்றால் கீழே 33 அளவில்தான் வரும். பிள்ளைகளுக்கு நன்றாக விளங்கியது. "அப்ப அந்தக் கீழ இருக்கிறதுக்குத் தமிழில என்ன பேர்?" என்று கேட்டபோதுதான் எனக்கு வாய் அடைத்தது.

செய்தியில் "மனித உடலால் உணரப்படும் வெப்பம்" என்று வாசிக்கிறார்கள். அது விளக்கம், சொல் அல்ல. அட்டவணைத் தலைப்பில் அந்த நீளம் அடங்காது. "வெப்பச் சுட்டெண்" என்றும் கேட்கிறோம். ஆனால் கணித பாடத்தில் சுட்டி என்று படிக்கிற பிள்ளைக்கு அது பாகையில் சொல்லப்படும் ஓர் அளவு என்று தோன்றாது. மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைக்கும் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளைக்கும் கேட்டதும் பிடிபடுகிற சொல் வேண்டும்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

டீச்சர், "உணர்வெப்பம்" என்று போட்டுவிடுங்கள். குடிநீர் மாதிரி வினைத்தொகை. குடித்த நீர், குடிக்கிற நீர், குடிக்கும் நீர் மூன்றும் குடிநீர்தான். அதுபோல நேற்று உணர்ந்தது, இன்று உணர்வது, நாளை உணரப்போவது எல்லாம் இதற்குள் வரும். முன்னறிவிப்புக்கு இதைவிட வசதியான தொகை கிடைக்காது. அப்புறம் ஒரு சந்தேகம், சாரீரப்பதன் என்றால் என்ன? நாங்கள் ஒப்பு ஈரப்பதம் என்கிறோம்.

தம்பலகாமம், விஞ்ஞான ஆசிரியர்:

சார் + ஈரப்பதன் = சாரீரப்பதன். ஒன்றைச் சார்ந்து அளக்கும் ஈரப்பதன். காற்று அந்த வெப்பநிலையில் கொள்ளக்கூடிய நீராவியைச் சார்ந்து, இப்போது இருப்பது எத்தனை பங்கு என்பது. இலக்கணப்படி குறை சொல்ல முடியாத புணர்ச்சி. ஆனால் வருடா வருடம் விடைத்தாளில் "சரீரத்தில் உள்ள ஈரத்தின் அளவு" என்று இரண்டு மூன்று பிள்ளைகளாவது எழுதுகிறார்கள். அவர்களில் பிழை இல்லை. சொல்லைக் கட்டியவர்கள் அது சேர்ந்த பிறகு காதில் எப்படி விழும் என்று பார்க்கவில்லை. அதனால்தான் இந்தச் சொல்லிலும் அவசரப்படாதீர்கள் என்கிறேன்.

உணர்வெப்பத்தில் எனக்கு இரண்டு சிக்கல். முதலாவது, வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. தரம் 6இலிருந்து தொண்டை வற்றச் சொல்லிக்கொடுக்கிறோம். வெப்பம் சக்தி, யூலில் அளப்பது. வெப்பநிலை பாகையில் அளப்பது. 41 பாகை என்று சொல்லிவிட்டு அதற்கு வெப்பம் என்று பெயர் வைத்தால் நாங்கள் கட்டியதை நாங்களே இடிக்கிறோம்.

இரண்டாவது இன்னும் பெரிசு. மறைவெப்பம் என்று ஒன்று படிப்பிக்கிறோம். நீர் ஆவியாகும்போது வெப்பநிலை ஏறாமல் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும் வெப்பம். அதற்கு எதிர்ப்பக்கம், வெப்பமானி ஏறுவதில் தெரிகிற வெப்பம். வளிமண்டலவியலில் அதற்குத்தான் உணர்வெப்பம் என்ற சொல் இயல்பாக உட்காரும். இந்தப் பிள்ளை பல்கலைக்கழகம் போய் அங்கே இதே சொல்லை வேறு பொருளில் சந்திக்கும். வியர்வை நம்மைக் குளிர்விப்பதே மறைவெப்பத்தால். ஒரு லீற்றர் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2400 கிலோயூல் உடம்பிலிருந்து போகிறது. ஒரே பக்கத்தில் இரண்டும் வரும்போது குழப்பம் நிச்சயம்.

திருகோணமலை நகர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தங்கச்சி, தம்பிமாரே, உணர்தல் என்பது மனத்தின் வேலை. துயரத்தையும் உணர்கிறோம், நன்றியையும் உணர்கிறோம். தோலால் அறிவதற்குத் தமிழில் தனிச்சொல் இருக்கிறது, உறுதல். "ஒன்றறி வதுவே உற்றறி வதுவே" என்று தொல்காப்பிய மரபியல் அறிவை வகுக்கத் தொடங்குவதே அங்கேதான். நாக்கு, மூக்கு, கண், செவி எல்லாம் பிறகு. "புல்லும் மரனும் ஓரறி வினவே" என்பதால் புல்லுக்கும் மரத்துக்கும்கூட இந்த அறிவு உண்டு. வள்ளுவரும் "கண்டுகேட்டு உண்டுயிர்த்து உற்றறியும் ஐம்புலனும்" என்று தொடுகையை உற்றறிதல் என்றே சொன்னார். ஆகவே "உறுவெப்பநிலை". மெய் உறுகின்ற வெப்பநிலை. தம்பி கேட்ட "நிலை"யும் உள்ளே இருக்கிறது.

ஈரப்பதனுக்கும் நமது ஊரிலேயே சொல் கிடக்கிறது. சம்பந்தர் "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை" என்று பாடினார். அங்கே ஓதம் அலை. ஆனால் ஓதத்துக்கு ஈரம் என்ற பொருளும் உண்டு. கோணேசர் கோயில் படியில் ஏறும்போது சட்டையில் ஒட்டுகிறதே, அது ஓதம். சாரீரப்பதனை விட்டுவிட்டு "ஓதவீதம்" என்று வைத்தால் எந்தப் பிள்ளையும் சரீரத்தைத் தேடிப் போகாது. பூச்சியம் ஓதவீதம், நூறு ஓதவீதம் என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் எவ்வளவு இலகுவாக வருகிறது.

தம்பலகாமம், விஞ்ஞான ஆசிரியர்:

ஐயா, ஓதவீதத்தை இன்னொரு நாள் நிச்சயம் பேசுவோம், வெள்ளிக்கிழமை கிட்ட வருகிறது. உறு என்ற சொல்லுக்கு மிகுதி என்ற பொருளும் உண்டே. "உறு தவ நனி" மூன்றும் மிகுதி என்று தொல்காப்பியம் உரியியலே சொல்கிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்த குறளில் "உறுபசியும் ஓவாப் பிணியும்" என்று வருகிறது. உறுபசி கடும்பசி என்றால் உறுவெப்பநிலை கடும் வெப்பநிலை என்றுதான் எடுப்பார்கள். 28 பாகைக்கும் அந்தப் பெயரா?

கிண்ணியா, ஓய்வுபெற்ற அதிபர்:

அஸ்ஸலாமு அலைக்கும். இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். ஏன் சொல்லைச் செய்யப் பார்க்கிறீர்கள்? சொல் ஏற்கெனவே இருக்கிறது. புழுக்கம்.

எங்கட வாப்பா கடலுக்குப் போனவர். அவருக்குக் காற்று நாலு. வாடை, கொண்டல், சோளகம், கச்சான். காற்று விழுந்து, கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்து, முதுகில் வியர்வை நின்றபடி நின்றால் "புழுங்குது, மழைக்குத்தான்" என்பார். சூடும் ஈரமும் சேர்ந்து ஆளை அவிப்பதுதான் புழுக்கம். புழுங்கல் அரிசி என்று ஏன் சொல்கிறோம்? நெல்லை வறுக்கவில்லை, ஈரத்தோடு ஆவியில் வேகவைக்கிறோம். அதே வேலையைத்தான் சித்திரை மாதம் நமக்குச் செய்கிறது. ஒன்பதாம் வகுப்பில் மட்டும் அல்ல, ஒன்றாம் வகுப்பில் கேட்டாலும் பிள்ளை சொல்லும்.

இந்த அளவை முதலில் கணக்கிட்ட ஸ்டெட்மன் 1979இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே புழுக்கத்தை மதிப்பிடுதல் என்ற பொருளில்தான் இருக்கிறது. அவரே புழுக்கம் என்றுதான் தொடங்கினார். நாம் ஏன் சுற்றி வளைக்க வேண்டும்? "புழுக்கநிலை 41 பாகை" என்று எழுதுங்கள் ரீச்சர்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

புழுக்கம் அருமை ஐயா. எனக்கு ஒன்று புரியவில்லை, உங்கள் ஊரில் கச்சான் என்பது நிலக்கடலை அல்லவா? காற்றுக்கும் அதே பெயரா?

திருகோணமலை நகர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நல்ல கேள்வி தம்பி. பஸ் நிலையத்தில் சுருளில் விற்கும் கச்சான் வேறு, மேற்கிலிருந்து வீசும் கச்சான் வேறு. கடலைக்குரிய பெயர் மலாய் மொழியில் பயறு, கடலைகளைக் குறிக்கும் கச்சாங் என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது என் கருத்து. காற்றின் பெயர் மேல்திசையைக் குறிப்பது, கடலோரத்துப் பழஞ்சொல். அந்தக் காற்றடிக்கும் காலத்தில் விளைவதால் கடலைக்குப் பெயர் வந்தது என்பாரும் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

புழுக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. பொருநராற்றுப்படையில் "துருவையம் புழுக்கின் பராஅரை வேவை" என்று வருகிறது. கரிகாலன் பொருநனுக்கு இட்ட, ஆட்டின் வெந்த தொடையிறைச்சி. அதிபர் சொன்ன அவித்தல் பொருள் அவ்வளவு பழையது. ஆனாலும் நான் உறுதலை விடவில்லை.

உப்புவெளி, புவியியல் ஆசிரியை:

அதிபர் சேர், புழுக்கத்தை வாசித்ததும் இதுதான் என்று எழுதி வைத்துவிட்டேன். பிறகு கச்சான் என்ற சொல்லே என்னைத் தடுத்தது.

எங்கள் வகுப்பில் இரண்டு வெப்பமானிகளை ஜன்னலோரம் தொங்கவிட்டிருக்கிறோம். ஒன்றின் குமிழைப் பழைய பருத்திச் சாரத்தில் கிழித்த துண்டால் சுற்றி, துணியின் வாலை யோகட் கோப்பைத் தண்ணீரில் விட்டிருக்கிறோம். சித்திரையில் ஒருநாள் உலர்ந்தது 32, ஈரமானது 27. துணி காயவே மாட்டேன் என்று நின்றது. ஆடியில் கச்சான் அடித்த ஒருநாள் உலர்ந்தது 35, ஈரமானது 25. பத்துப் பாகை இறக்கம். காலையில் நிரப்பிய கோப்பை இரண்டாம் இடைவேளைக்குள் அடி தெரிந்தது. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து, இந்தப் பக்கம் இறங்கும்போது ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறத்தாழ 10 பாகை சூடேறிக்கொண்டு வருகிறது. அந்தக் கச்சானை யாரும் புழுக்கம் என்று சொல்வதில்லை. உதடு வெடிக்கும், கண் எரியும், வெக்கை என்போம். உடம்பு நனையாது. கணக்குப் பார்த்தால் அன்றைக்குக் கீழே வரவேண்டிய எண் 39 அளவில்தான். வெப்பமானியில் மூன்று பாகை கூடிய நாளுக்கு, உடம்புக் கணக்கு சித்திரையின் 41ஐவிடக் குறைவு. என் கையேட்டில் பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவதே இதைத்தான். அந்த வரிசைக்கு மேலே புழுக்கநிலை என்று எழுதினால் கச்சான் நாளைப் பார்த்து "இது புழுக்கம் இல்லையே ரீச்சர்" என்பார்கள். அது சரியான பேச்சு. நுவரெலியாவில் குளிர்காற்றில் 12 பாகை 9 போல இருந்தால் அதற்கும் புழுக்கம் பொருந்தாது.

அதனால் இப்படி யோசித்தேன். வரிசை மூன்று: வெப்பநிலை 32, உணர்வெப்பநிலை 41, புழுக்கம் 9. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கே புழுக்கம் என்று பெயர். கச்சான் நாளில் அது 4.

கிண்ணியா, ஓய்வுபெற்ற அதிபர்:

மகளே, வகுப்பறைக்கு நல்ல யோசனை. ஆனால் புழுக்கத்தைப் பக்கத்து அறையில் உட்காரவைத்துவிட்டீர்கள். உணர்வெப்பநிலை என்று எந்த உம்மா வீட்டில் சொல்கிறா? சொல்லாத சொல்லைப் பிள்ளை சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளும். வானிலையும் காலநிலையும் அப்படித்தானே ஆனது. இன்றைக்கு மழை என்றாலும் "சீரற்ற காலநிலை" என்றுதான் செய்தி வருகிறது. முப்பது வருடச் சராசரி எப்படி ஒரு நாளில் சீர் கெடும் என்று எத்தனை வகுப்பில் கேட்டிருப்பேன்.

தம்பலகாமம், விஞ்ஞான ஆசிரியர்:

"நிலை" சேர்ந்ததால் என் முதல் சிக்கல் தீர்ந்தது. இரண்டாவது பாதி தீர்ந்தது. மறைவெப்பத்தின் இணையை நான் வகுப்பில் "புலப்படு வெப்பம்" என்று சொல்லி வைத்துக்கொள்கிறேன். வித்தியாசத்தைப் புழுக்கம் என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது, நுவரெலியாவில் அது மைனஸில் போகும். நம் மாவட்டத்துக்கு மட்டும் என்று போடுங்கள். கூடவே ஒரு குறிப்புச் சேருங்கள். இந்த எண் நிழலுக்கும் மெல்லிய காற்றுக்கும் உரியது. நேர் வெயிலில் விளையாடும் பிள்ளைக்கு இன்னும் 8 பாகை வரை கூடலாம். விளையாட்டுப் போட்டிக் காலத்தில் சொல்லைவிட அது முக்கியம்.

உப்புவெளி, புவியியல் ஆசிரியை:

வியாழன் இரவு. எழுதியவர்களில் சென்னைத் தம்பியும் விஞ்ஞான சேரும் "நிலை" சேர்த்த உணர்வெப்பநிலைக்குச் சரி என்கிறார்கள். அதிபர் சேர் புழுக்கநிலை, தமிழாசிரியர் ஐயா உறுவெப்பநிலை. கையேட்டில் உணர்வெப்பநிலை போகிறது, வித்தியாசம் புழுக்கமாக உள்ளே இருக்கிறது, வெயில் குறிப்பும் சேர்த்துவிட்டேன். சாரீரப்பதனுக்குப் பக்கத்தில் "சார் + ஈரப்பதன்" என்று பிரித்தே அச்சிடுகிறேன்.

கிண்ணியா, ஓய்வுபெற்ற அதிபர்:

சரி. அச்சாகட்டும். என் பேரப்பிள்ளைகளுக்கு நான் புழுக்கநிலை என்றே சொல்லிக்கொடுப்பேன்.

திருகோணமலை நகர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தங்கச்சி, அச்சுக்குப் போகும்முன் இன்னொன்று. இரவு முழுக்க யோசித்தேன். "மெய்வெப்பநிலை". மெய் என்றால் உடம்பு. கண்ணும் காதும் சேராமல் தோல் முழுவதையும் குறிக்கும் ஒரே சொல். உணர்தலும் வேண்டாம், உறுதலும் வேண்டாம்.

உப்புவெளி, புவியியல் ஆசிரியை:

ஐயா, அழகாக இருக்கிறது. ஆனால் மெய் என்றால் உண்மை என்றும்தானே பிள்ளைகள் எடுப்பார்கள். அந்தப் பிள்ளை முதலில் கேட்டதே "எது சரி?" என்றுதான். 41க்கு மெய்வெப்பநிலை என்று எழுதினால், ஜன்னலில் தொங்குகிற வெப்பமானி காட்டும் 32 பொய் என்று ஆகிவிடும்.

திருகோணமலை நகர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அதை நான் நினைக்கவில்லை. அப்படியென்றால் உறுவெப்பநிலையை மறுபடி ஒருமுறை பாருங்கள்.