குளிர் மலையில் குள்ளச் சிக்லிட்: உங்கள் தொட்டியில் நடந்ததைச் சொல்லுங்கள்

ராகலைத் தொட்டி:
ககடுவோய்டிஸ் (அப்பிஸ்டோகிராமா, சுருக்கமாக அப்பிஸ்டோ, என்கிற குள்ளச் சிக்லிட் வகையில் ஒன்று) சோடி, 60 லீட்டர், தண்ணீர் 22–23 டிகிரி, மார்கழிக் குளிர். சிரட்டைக்குள் முட்டை, தாய் மஞ்சளாகி வாசலில் காவல். இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மனதை விட்டுப் போகாதது குஞ்சுகள் ஓர் அங்குலம் தாண்டிய பிறகு கண்டது. தீனி போட்டதும் முன் கண்ணாடிக்கு வந்து நின்ற கூட்டம் முழுக்க மஞ்சள் உடம்பு, வயிற்றுச் செட்டையின் முன்விளிம்பில் கறுப்பு, இரண்டும் பெண்ணின் அடையாளம். ஆணைப் போல முதுகுச் செட்டையின் முன் முட்கள் நீண்டு எழும்பியது ஒன்றே ஒன்றுக்கு. அதே சோடி, அதே தண்ணீர், அடுத்த ஈடு 26 டிகிரியில் வளர்ந்தது: ஆணும் பெண்ணும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி.

அப்பிஸ்டோவில் ஆணா பெண்ணா என்பது முட்டையோடு முடிகிற விசயமில்லை. ரோமரும் பைசன்ஹெர்ட்ஸும் 1996இல் வெளியிட்ட ஆய்வில் 37 அப்பிஸ்டோ இனங்களை 23, 26, 29 டிகிரியில் வளர்த்துப் பார்த்தார்கள். 33 இனங்களில் வெப்பம் ஆண்–பெண் கணக்கை மாற்றியது. குளிர்ந்தால் பெண் கூடும், சூடேறினால் ஆண் கூடும். முட்டை பொரித்த முதல் மாதம்தான் கவனிக்க வேண்டிய காலம், பிறகு ஹீட்டர் போட்டுப் பயனில்லை. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே ஏறத்தாழ 16 டிகிரி. "எப்பப் பார்த்தாலும் பெண் குஞ்சுதான்" என்கிறவர்கள் சோடியைக் குறை சொல்லாமல் தெர்மோமீட்டரைப் பாருங்கள்.

பண்டாரவளை அகாசி:
அண்ணே, வெப்பத்தைப் பற்றிச் சொன்னது சரி. அந்தக் கூட்டம் முழுக்கப் பெண் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. ஒரு தொட்டியில் ஓர் ஆண் முந்திவிட்டால் மற்ற ஆண்கள் செட்டையை நீட்டாமல், நிறம் காட்டாமல் அடங்கியே கிடக்கும். இங்கே ஓர் அகாசிசி (இதுவும் ஓர் அப்பிஸ்டோ) ஈட்டில் பெரிய ஆணை எடுத்த கொஞ்ச நாளில், பெண் என்று ஒதுக்கி வைத்த ஒன்றின் வால் நடுவில் கூராக நீண்டுகொண்டு வந்தது. அடுத்த கிழமை இன்னொன்று. பெண்ணின் வால் உருண்டைதான், கூராகாது.

எண்ணுவதற்கு முன் பெரியதை விலக்குங்கள். மிச்சத்தை நாலைந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒளிவிடம் கொடுத்து மூன்று நாலு கிழமை விட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் எல்லாம் பெண் என்றால் ஒத்துக்கொள்ளலாம்.

கொட்டகலை:
குஞ்சு எண்ணுவது இருக்கட்டும், சூட்டை நிலையாக வைக்க முடிகிறதா என்பதே மலையில் முதல் கேள்வி. இரவில் அறை 12 டிகிரி, தொட்டி 26 என்றால் இடைவெளி 14. லீட்டருக்கு ஒரு வொட் என்பது கொழும்புக் கணக்கு. இங்கே இரண்டு, இரண்டரை வொட் வேண்டும். 60 லீட்டருக்கு 150 வொட் ஹீட்டர் ஒன்று வாங்காமல் 75 வொட் இரண்டு வாங்குங்கள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு அணையாமல் போனால் 150 வொட் விடிவதற்குள் மீனை அவித்துவிடும், 75 வொட் அவ்வளவு தூரம் போகாது. ஒரு ஹீட்டர் செத்தாலும் மற்றது தாங்கும்.

பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, அடி நாலுக்கும் ஓர் அங்குல ரெஜிபோம் (தெர்மோகோல்). மேலே கண்ணாடி மூடி கட்டாயம், ஏனென்றால் சூடு அதிகம் போவது ஆவியோடு. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வரை கரண்ட் போன காலத்தில் ரெஜிபோம் போட்ட தொட்டிகளும் போடாத தொட்டிகளும் எவ்வளவு வித்தியாசமாகக் குளிர்ந்தன என்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கரண்ட் போனால் சோடாப் போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி, இறுக மூடி மிதக்க விடுங்கள், ஆறியதும் மாற்றுங்கள். சுடுதண்ணீரை நேரே ஊற்ற வேண்டாம். ஸ்பொஞ்ச் ஃபில்டருக்கு பெட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். குளிரை ஓர் இரவு தாங்குகிற மீன் காற்றில்லாத நெருக்கத்தைத் தாங்காது.

இவ்வளவும் முடியாதவர்கள் ராம் என்கிற குள்ளச் சிக்லிட்டைத் தொடாதீர்கள், அதற்கு 27க்கு மேல் வேண்டும். பொரெல்லி என்கிற அப்பிஸ்டோவை எடுங்கள். பரகுவே, வட ஆர்ஜென்டினாப் பக்கத்து மீன், 20–22லும் தின்று திரியும்.

கட்டுகஸ்தோட்டை:
எங்களுக்குச் சூடு பிரச்சினையில்லை, தண்ணீர்தான். அகாசிசி சிரட்டையின் கூரையில் ஒட்டிய சிவந்த முட்டைகள். மறுநாள் டோர்ச் அடித்துப் பார்த்தால் பாதி வெள்ளை. தாய் தலைகீழாகத் திரும்பி ஒவ்வொரு வெள்ளை முட்டையாகப் பிடுங்கிக்கொண்டிருந்தது. பொழுது சாயக் கூரையில் ஒன்றுமில்லை. "தாய் முட்டையைத் தின்னுது" என்று பெண்ணை மாற்றுகிறார்கள். அது தின்றது செத்த முட்டை.

கண்டி, மாத்தளைப் பக்கம் நிலத்துக்கடியில் சுண்ணாம்புப் பாறை ஓடுகிறது, திகனையில் டொலமைட்டே தோண்டுகிறார்கள். கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினம். ககடுவோய்டிஸ் அதைப் பொறுத்துக்கொள்ளும், அகாசிசி முட்டை பொறுக்காது. மழைத் தண்ணீர் சேர்த்து, கொட்டம்பா இலை போட்டுப் பீஎச்சை 6க்குக் கொண்டுவந்த பிறகுதான் முட்டையில் கண் தெரிந்தது.

மஸ்கெலியா பீலி:
கண்டித் தம்பி மழைத் தண்ணீரை மருந்து மாதிரிச் சொல்கிறார். எங்கள் பீலித் தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து வழிகிறது) மழைத் தண்ணீருக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது, டீடீஎஸ் (கரைந்திருக்கிற உப்புகளின் அளவு) 30க்குக் கீழே, கேஎச் (பீஎச் சரியாமல் தாங்குகிற கார்பனேட்டின் அளவு) கிட்டத்தட்டப் பூச்சியம். அதற்கும் விலை உண்டு. இலை, மரக்கட்டை, தீனி மிச்சம் எல்லாம் சேரச் சேரப் பீஎச் 6க்குக் கீழே சரியும். ஃபில்டரின் கிருமிகள் அந்த அளவில் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும். கழிவு அமோனியமாகச் சேரும், அமிலத் தண்ணீரில் அது கடிக்காது, மீன் சும்மா திரியும். அப்படிப்பட்ட தொட்டியில் பாதித் தண்ணீரை எடுத்து, வேறு ஊரிலிருந்து வந்த கடினத் தண்ணீரை ஊற்றினார்கள். பீஎச் ஏறியது, அமோனியம் அமோனியாவாக மாறியது. அரை மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன, செவுள் ஓரம் சிவந்து துடித்தது. வந்த தண்ணீர் சுத்தமானது, அதுதான் கொடுமை.

கிழமைக்கு 10–15 வீதம் மாற்றுங்கள், பாதி வேண்டாம். டீடீஎஸ் மீட்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தேயிலை மலையைக் கவ்வாத்து வெட்டி டொலமைட் போட்ட பிறகு மழை பெய்தால் கீழே இருக்கிற பீலியின் டீடீஎஸ் ஏறும். மருந்தடித்த நாட்களில் தண்ணீர் எடுக்கவே வேண்டாம்.

இன்னொன்று, மேலே பொரெல்லி சொன்னவருக்கு. குளிர் தாங்குகிற மீன் நம் ஓடையிலும் தாங்கும். கூடுதல் குஞ்சை ஓடையில் விட யாரும் நினைக்காதீர்கள். 1952இல் கொண்டுவந்த திலாப்பியா இன்று எந்தக் குளத்தில் இல்லை?

பதுளை:
சின்னதாக ஒன்று. ஈட்டை இழந்த பெண் ககடுவோய்டிஸ், மஞ்சள் நிறம் இன்னும் குறையவில்லை. டஃப்னியா (உயிரோடு போடுகிற சின்னத் தண்ணீர்ப் பூச்சி) போட்டோம், தின்னவில்லை. வயிற்றுச் செட்டையை வெட்டி வெட்டி அசைத்து, குஞ்சைக் கூப்பிடுகிற அதே அசைவில், டஃப்னியாக் கூட்டத்தை மூலைக்கு ஒதுக்கிக் காவல் நின்றது. பக்கத்தில் வந்த ஆணைக் கடித்துத் துரத்தியது. டஃப்னியா தாய் சொல் கேட்குமா? அது சிதறச் சிதறத் திரும்பவும் ஓடி ஓடிச் சேர்த்தது. அந்த நிலையில் ஆணுக்கு ஒதுங்க இடமில்லாத தொட்டி என்றால் ஆண் மிஞ்சாது, உடனே பிரித்துவிடுங்கள்.

ஹட்டன்:
ஈடு அழிந்தது பெரும்பாலும் குஞ்சுகளின் பசியால்தான் இருக்கும், இங்கே பலருக்கு ஆர்ட்டீமியா (குஞ்சுக்குத் தீனியாகப் பொரிக்கிற நுண்ணிய உப்புத்தண்ணீர் இறால்) பொரிப்பதில்லை. முட்டை பழசு என்று கடையோடு சண்டை. காரணம் இரண்டு. ஒன்று குளிர்: 26–28 டிகிரியில் ஒரு நாளில் பொரிப்பது 18இல் இரண்டு நாளாகியும் அரைகுறை. மற்றது நம் தண்ணீர்: ஆர்ட்டீமியாவுக்குப் பீஎச் 8 வேண்டும், பீலித் தண்ணீரில் உப்பு மட்டும் போட்டால் அது வராது. லீட்டருக்கு 25 கிராம் உப்பு, அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா, நல்ல காற்று, வெளிச்சம். போத்தலைத் தொட்டிக்குள்ளேயே ஹீட்டர் பக்கம் கட்டிவிடுங்கள்.

26 டிகிரியில் முட்டை பொரித்து, வால் துடிக்கத் தொடங்கி நாலைந்து நாளில் குஞ்சு நீந்தும். வால் துடிக்கத் தொடங்கிய மூன்றாம் நாளில் ஆர்ட்டீமியாப் போத்தல் ஒன்றைப் போடுங்கள், மறுநாள் இரண்டாவது. நீந்திய அன்றே தீனி இருக்க வேண்டும். கொடுத்துக் கொஞ்ச நேரத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். வயிறு செம்மஞ்சளாகத் தெரிந்தால் தின்றிருக்கிறது. தெரியாவிட்டால் ஆர்ட்டீமியா செத்திருக்கலாம், புதிதாக வடித்துப் போடுங்கள்.