புதுப்பிப்பு: ஆன்டிவைரஸை நீக்கியதும் நெட் போனது, சரியாகிவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: மஞ்சக்குப்பத்தில் எங்கள் ஜெராக்ஸ் கடைக் கணினியில் காலாவதியான ஆன்டிவைரஸை நீக்கியதும், வைஃபை இணைந்திருந்தும் ஒரு தளமும் திறக்கவில்லை என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

டிஎன்எஸ் (தளப் பெயருக்கு முகவரி தேடித் தரும் சேவை) மாற்றியதும் ரவுட்டரை ரீசெட் செய்ததும் பலிக்கவில்லை. "கன்ட்ரோல் பேனலில் நீக்கினால் போதாது, அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை சேஃப் மோடில் (அவசியமானவை மட்டும் இயங்கும் நிலையில்) ஓட்டுங்கள்" என்றீர்களே, அதுதான் பலித்தது. நெட் இல்லாததால் போனில் இறக்கி கேபிள் வழியாக ஏற்றினேன். ஓட்டும் முன் வைஃபை அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸைப் பார்த்தால், நீக்கிய ஆன்டிவைரஸின் பெயரில் ஒரு ஃபில்டர் (நெட் போக்குவரத்தை நடுவில் நின்று சோதிக்கும் நிரல்) டிக்கோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ரீஸ்டார்ட் ஆனதும் அதைக் காணோம், நெட் வந்துவிட்டது.

எதிர்பாராதது அப்புறம்தான். டிரஸ்டட் ரூட் சான்றிதழ்ப் பட்டியலில், அதாவது தளங்கள் அசல்தான் என்று யார் சொன்னால் நம்பலாம் என விண்டோஸ் வைத்திருக்கும் பட்டியலில், அந்த ஆன்டிவைரஸின் சான்றிதழ் அப்படியே கிடந்தது. எச்டிடிபிஎஸ் பக்கங்களை, அதாவது பூட்டிப் பாதுகாப்பாக வரும் பக்கங்களை, நடுவில் பிரித்துப் பார்த்து மறுபடி பூட்டி அனுப்ப ஆன்டிவைரஸ் போட்டுக்கொண்ட சான்றிதழ் அது. கடைக்கு வருகிறவர்கள் அதே கணினியில்தான் மின்கட்டணம் கட்டுகிறார்கள், நினைத்தால் திக்கென்றது. கையால் அழித்தேன்.

விண்டோஸோடே வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டர் தானாகவே இயங்கத் தொடங்கியது. அதுவும் கர்னல் (விண்டோஸின் முழு அதிகாரம் உள்ள மையப் பகுதி) வரை போகிறதுதான், ஆனால் விண்டோஸையே நம்பிவிட்ட பிறகு கூடுதலாக ஓர் ஆளை உள்ளே விட வேண்டியதில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரே ஒரு தவறான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியதும் இந்தக் கர்னல் அனுமதியால்தான்.

இன்னொரு கணினியில் ஆன்டிவைரஸ் லைசென்ஸ் பொங்கல் வரை இருக்கிறது. அதில் எச்டிடிபிஎஸ் ஸ்கேனை மட்டும் அணைத்து வைத்திருக்கிறேன்.