வட்டி குறைந்த காலத்தில் ஓய்வுக்குச் சேமிப்பது எப்படி?

கேள்வி:

எனக்கு வயது 48. பணி ஓய்வுக்கு இன்னும் 12 ஆண்டுகள் இருக்கின்றன. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மிச்சம் பிடித்ததையெல்லாம் நிரந்தர வைப்பிலேயே போட்டு வந்திருக்கிறேன். சென்ற வாரம் முதிர்ந்த ஒரு வைப்பைப் புதுப்பித்துவிட்டு, பழைய ரசீதையும் புதிய ரசீதையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். 9 சதவீதம் என்றிருந்த இடத்தில் 5 என்று அச்சாகியிருந்தது. வட்டி ஏறக்குறைய பாதியாகிவிட்டதால் சேமிப்பை இரண்டு மடங்காக்க வேண்டியிருக்குமோ என்று கவலையாக இருக்கிறது. தெரிந்த முகவர் ஒருவர், ஒரு நிறுவனத்தின் கடன் பத்திரத்தில் 11 சதவீதம் கிடைக்கும், விட்டதைப் பிடித்துவிடலாம் என்கிறார். அதில் இறங்கலாமா?

முதல் பதில்:

அந்த இரண்டு ரசீதுகளிலும், அந்தந்த ஆண்டின் விலைவாசி உயர்வையும் பென்சிலால் எழுதிப் பாருங்கள். 9 சதவீத வட்டி கிடைத்த காலத்தில் விலைவாசி 7 சதவீதம் ஏறியிருந்து, இப்போது 3 சதவீதம்தான் ஏறுகிறது என்றால், இரண்டு காலத்திலும் உங்கள் கைக்கு உண்மையில் வந்தது 2 சதவீதம்தான். பழைய வட்டியை நினைத்து ஏங்குபவர்களில் பலர் இந்தக் கழித்தலைச் செய்வதே இல்லை.

அடுத்து, இரண்டு மடங்கு என்ற அச்சம். விலைவாசி போக நிற்கும் வருமானம் 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்ததாகவே வைத்துக்கொள்வோம். 30 ஆண்டுகள் சேமிக்கப் போகும் இளைஞர், அதே தொகையை எட்ட ஆண்டுதோறும் சுமார் 64 சதவீதம் கூடுதலாகச் சேமிக்க வேண்டும். 12 ஆண்டுகளே உள்ள உங்களுக்கோ, இனிமேல் போடப்போகும் பணத்தைப் பொறுத்தவரை அது 19 சதவீதம்தான். கூட்டு வட்டி வேலை செய்யக் காலம் குறைவு என்பதால், வட்டி குறைந்ததால் வரும் இழப்பும் குறைவு.

இரண்டாம் பதில்:

மேலே உள்ள கணக்கு சரியே. ஆனால் அது புதிய சேமிப்புக்கு மட்டுமே பொருந்தும். ஏற்கெனவே சேர்ந்துள்ள 100 ரூபாய், 12 ஆண்டுகளில் 5 சதவீதத்தில் 180 ஆகும். 2 சதவீதத்தில் 127 தான் ஆகும். உங்களுக்கு அடி விழுவது அங்கேதான், அதை மறைத்துப் பேசக் கூடாது.

அதற்காக 11 சதவீதப் பத்திரத்தை நாடாதீர்கள். எல்லோருக்கும் 5 கிடைக்கும்போது ஒரு நிறுவனம் 11 தர முன்வருகிறது என்றால், அதைவிடக் குறைந்த வட்டிக்கு அதற்குக் கடன் தர ஆளில்லை என்று பொருள். மிகையாகத் தெரியும் அந்த 6 சதவீதம், அசலே திரும்பாமல் போகக்கூடும் என்பதற்கான விலை. நானும் ஒருமுறை இப்படி ஒரு பத்திரம் வாங்கினேன். நான்கு தவணை வட்டி ஒழுங்காக வந்தது, ஐந்தாவது வரவில்லை, அசலில் பாதியை மீட்க ஆறு ஆண்டுகள் ஆயின.

நம் கையில் இருப்பது முதலீட்டுக்கு ஆகும் செலவு ஒன்றுதான். உண்மை வருமானம், அதாவது விலைவாசி போக நிற்பது, 2 சதவீதமாக இருக்கும்போது நிர்வாகக் கட்டணமாக 1 சதவீதம் போனால், விளைச்சலில் பாதியை இடைத்தரகர் கொண்டுபோகிறார். வட்டி உயர்ந்த காலத்தில் கண்ணில் படாத கட்டணம் இப்போதுதான் உறுத்துகிறது.

மூன்றாம் பதில்:

முழுவதையும் வைப்பிலேயே வைத்திருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஓய்வுக்குப் பிறகும் 25, 30 ஆண்டுகள் வாழ வேண்டியிருக்கும். அந்தப் பின்பகுதிக்கான பணத்தில் ஒரு பங்கு, குறைந்த கட்டணமுள்ள குறியீட்டு நிதி (ஒரு சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் நிதி) வழியாகப் பங்குச் சந்தையில் இருக்கலாம். ஆனால் சந்தை காத்திருந்தவர்க்கெல்லாம் கொடுத்துவிடும் என்று நம்பிவிடவும் முடியாது. ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீடு 1989 இறுதியில் தொட்ட உச்சத்தை மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரியில்தான். ஈவுத்தொகையைச் சேர்த்தால் காத்திருப்பு சற்றுக் குறையும். ஆயினும் அது ஒரு தலைமுறைக் காலம்.

ஓய்வின் முதல் ஆண்டில் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப அத்தொகையைக் கூட்டி எடுத்தால் 30 ஆண்டுகளுக்குப் பணம் தாங்கும் என்று பலரும் மேற்கோள் காட்டும் 4 சதவீத விதியையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் அமெரிக்கச் சந்தையின் பழைய விவரங்களை வைத்துக் கண்டது அது. ஓய்வின் முதல் சில ஆண்டுகளிலேயே சந்தை சரிந்தால், விற்றுத் தின்ற பங்குகள் பின்னால் வரும் ஏற்றத்தில் கலந்துகொள்ளாது. எனவே முதல் ஐந்தாறு ஆண்டுச் செலவை வைப்பில், ஆண்டுக்கு ஒன்று முதிரும்படி பிரித்துப் போட்டுவிட்டு, மீதியில் துணியுங்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. முகவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு துணைக்கேள்வி: 60-க்குப் பதில் 63 வரை வேலை செய்தால் எவ்வளவு வித்தியாசம் வரும்?

முதல் பதில் எழுதியவர்:

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். உண்மை வருமானம் 2 சதவீதம், 85 வயது வரை செலவு என்று கொண்டால், இனிப் போடும் சேமிப்பு தரும் ஆண்டு வருமானம் சுமார் 43 சதவீதம் உயரும். 60 வயதில் கையில் இருக்கும் பழைய சேமிப்பு தருவது 17 சதவீதம் உயரும். மூன்று ஆண்டுகள் கூடுதலாகச் சேர்கிறது, மூன்று ஆண்டுகள் குறைவாகக் கரைகிறது என்பதே காரணம். ஆனால் உடல்நிலையோ வேலையோ அதுவரை இடம் கொடுக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகையால் 60-இல் ஓய்வு என்றே திட்டத்தைப் போடுங்கள். 63-ஐக் கையிருப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.