மறு: கலர் ஃபீல்டு ஓவியமும் அதன் பிரேம் போட்ட பிரதியும்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களே,

வீட்டுச் சுவரில் மாட்ட விற்கும் ‘கலர் ஃபீல்டு’ ஓவியப் பிரதிகளுக்கு, அதாவது உருவம் எதுவும் இல்லாமல் பரந்த நிறப்பரப்பே படமாக இருக்கும் அருவ ஓவியங்களின் பிரதிகளுக்கு, தமிழில் விவரக்குறிப்பு எழுத வேண்டும், சொற்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார் நம் நண்பர். வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> வண்ணக்களம் என்றே வைத்துவிடலாம். களம் என்றாலும் ஃபீல்டுதானே?

இங்கேதான் எனக்குத் தயக்கம். போர்க்களம், ஆடுகளம், நெற்களம் என்று எதை எடுத்தாலும் அங்கே ஒரு வேலை நடக்கிறது. 1952இல் அமெரிக்கக் கலை விமர்சகர் ஹெரால்டு ரோசன்பர்க் எழுதிய கட்டுரை, கேன்வாஸை ஓவியன் இறங்கிச் செயல்படும் களமாகவே பார்த்தது. அது சொட்டுவதும் வீசுவதுமாக வரைந்தவர்களைப் பற்றியது. அதே நியூயார்க்கில் அதே காலத்தில் மார்க் ரோத்கோ, பார்னெட் நியூமன், கிளிஃபர்டு ஸ்டில் ஆகிய ஓவியர்கள் போன வழி வேறு. ஓவியனின் கைவீச்சு பின்னுக்குப் போய், பரந்த நிறம் மட்டும் பார்ப்பவரைச் சூழ்ந்து நிற்க வேண்டும் என்பது அந்த வழி. களத்தை முதல் கூட்டத்துக்குக் கொடுத்துவிடுவோம். இவர்களுக்கு என் ஓட்டு ‘வண்ணப்புலம்’.

காந்தப்புலம் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உள்ளே போனவற்றின் மீது வேலை செய்வது அது. புலம்பெயர்தல் என்பதில் இடம், ஐம்புலம் என்பதில் உணர்வு என்று ஒரே சொல்லில் இரண்டும் இருக்கின்றன. நியூமனின் ‘வீர் ஹீரோய்க்கஸ் சப்லைமிஸ்’ என்ற 1950-51 ஓவியம் ஏறத்தாழ 8 அடி உயரம், 18 அடி அகலம். முழுக்கச் சிவப்பு, இடையிடையே ஐந்து மெல்லிய செங்குத்துக் கோடுகள். 1951 கண்காட்சியில், பெரிய படம் என்று பின்வாங்காமல் கிட்டே நின்று பாருங்கள் என்ற பொருளில் ஒரு குறிப்பையே சுவரில் ஒட்டிவைத்தார். கிட்டே நின்றால் ஓரங்கள் பார்வையிலிருந்து மறைந்து, பார்ப்பவர் அந்தச் சிவப்புக்குள் நிற்பார். ஃபீல்டுக்குத் ‘தளம்’ என்று வைத்தால் இது வராது. (மேலும் வலைத்தளம், மேல்தளம் என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம்.)

> வண்ணமா, நிறமா? நிறப்புலம் சுருக்கமாக இருக்கிறதே?

வண்ணம்தான். நிறம் கண்ணில் படுவதை மட்டும் சொல்கிறது. வண்ணம் தீட்டுகிறோம், வண்ணம் குழைக்கிறோம், ஆகவே பூசும் பொருளையும் அதுவே குறிக்கிறது. 1952இல் ஓவியர் ஹெலன் ஃபிராங்கந்தாலர் தரையில் விரித்த பூச்சில்லாத கேன்வாஸில், டர்பன்டைன் கலந்து தண்ணீராக்கிய எண்ணெய் வண்ணத்தை ஊற்றி ஊறவிட்டார். துணியும் வண்ணமும் ஒன்றாகிப்போயின. அடுத்த ஆண்டு அதைப் பார்க்க வந்த ஓவியர்கள் மோரிஸ் லூயிஸும் கென்னத் நோலண்டும் வாஷிங்டனுக்குத் திரும்பி அதே வழியில் இறங்கினார்கள். இந்த முறைக்கு ‘ஊறல் முறை’ போதும் என்று நினைக்கிறேன், சாராய வாசனை அடித்தாலும்! நிறப்புலத்தை இயற்பியலாருக்கு விட்டுவைப்போம். அணுக்கருவுக்குள் இருக்கும் குவார்க்குகள் என்ற நுண்துகள்களுக்கு நிறம் என்றொரு பண்பு இருக்கிறது, ஒருநாள் அவர்களுக்கு அது தேவைப்படும்.

அப்புறம் இரண்டாவது பாதி. சிக்கல் உண்மையில் இங்கேதான்.

> ரீபுரொடக்‌ஷன் = மறுபதிப்பு

மறுபதிப்பு என்றால் புத்தகம். நகல் என்றால் ரேஷன் கார்டு. பிரதி என்பதில் அச்சடித்ததா, இன்னொருவர் கையால் பார்த்து வரைந்ததா என்று தெரியாது. வாங்குகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியதே அதுதான். கல்வெட்டுக்காரர்கள் கல்லின் மேல் ஈரத்தாளை ஒற்றி மை தடவி எடுப்பதை மைப்படி என்கிறார்கள். மூலத்திலிருந்து எடுத்தது, மூலம் அல்ல, எப்படி எடுத்தது என்ற மூன்றும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. அந்த வழியில் ‘அச்சுப்படி’, ‘கைப்படி’ என்று பிரித்துவிடலாம்.

அச்சுப்படியிலும் தரம் சொல்ல வேண்டும். சாதாரண நான்கு வண்ண ஆஃப்செட் அச்சைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் புள்ளிகள்தான். இயற்கைக் காட்சியில் மரமும் மேகமும் அந்தப் புள்ளிகளை மறைத்துவிடும். வண்ணப்புல ஓவியத்தில் ஒளிந்துகொள்ள எதுவும் இல்லை. ரோத்கோவின் சிவப்பு ஆரஞ்சோடு சேரும் இடம் புகைந்தாற்போல் இருக்கும். மட்டமான கணினிப் படக்கோப்பிலிருந்து அடித்தால் அந்தப் புகைச்சல் படிப்படியான பட்டைகளாக விழுந்துவிடும். கரைந்த சாயத்தால் ஆன சாய மையை விட, கரையாத நுண்ணிய வண்ணத்துகள் கொண்ட நிறமி மை வெளிச்சத்தை அதிகம் தாங்கும். ஆகவே ‘நிறமி மை அச்சுப்படி’ என்று எழுதுவது பொருளுள்ள தகவல். இப்படி இன்க்ஜெட்டில் அடிக்கும் ஓவிய அச்சுக்கு ஜிக்லே என்ற பெயரும் புழக்கத்தில் இருக்கிறது. 1991இல் கலிபோர்னியாவில் ஓர் அச்சுக்கலைஞர் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து எடுத்து வைத்த பெயர் அது, கணினி அச்சு என்று சொன்னால் மதிப்புக் குறையுமே என்ற கவலையில். அந்தக் கவலை நமக்கு வேண்டாம்.

பிரேமுக்குச் ‘சட்டம்’ இருக்கிறது, ‘சட்டமிட்ட’ என்றால் யாருக்கும் புரியும். படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே வரும் அட்டையைக் கடைக்காரர்கள் மவுண்ட் என்கிறார்கள், நான் ‘ஓர அட்டை’ என்பேன். ஆனால் ரோத்கோ சட்டமே போடாமல், கேன்வாஸின் பக்கவாட்டுக்கும் வண்ணம் பூசித் தொங்கவிட்டவர். அவருடைய கரும்பழுப்புப் படத்தைப் பளபளப்பான கண்ணாடிக்குள் போட்டு ஹாலில் மாட்டினால், டியூப் லைட்டும் ஃபேனும் உட்கார்ந்திருக்கிறவரின் முகமும்தான் தெரியும். ‘கண்ணாடி இல்லை’ அல்லது ‘எதிரொளிக்காத கண்ணாடி’ என்ற வரியை விவரக்குறிப்பில் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள்.

> ‘அசலைப் போன்றே’ என்று போடலாமா?

வேண்டாம். 18 அடி ஓவியம் 2 அடியாகி வந்தால் அது அழகான சிவப்புப் படமாக இருக்கலாம், புலம் அங்கே இல்லை. அச்சுப்படியின் அளவுக்குக் கீழேயே மூலத்தின் அளவையும் போடட்டும். என் பரிந்துரை இப்படி வரும்:

வண்ணப்புல ஓவியம். நிறமி மை அச்சுப்படி, சட்டமிட்டது, எதிரொளிக்காத கண்ணாடி. படியின் அளவு இவ்வளவு, மூலத்தின் அளவு இவ்வளவு.

நியூமன் தன் கோடுகளை ‘ஸிப்’ என்றார். அதற்கு எனக்கு இன்னும் நல்ல சொல் சிக்கவில்லை. ‘கீற்று’ என்று ஒருவர் எழுதியிருந்தார், ஒளிக்கீற்று நினைவுக்கு வருவதால் எனக்குப் பிடித்திருக்கிறது. வேறு யாருக்காவது மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.